இடது குழலின் தோட்டா

பழைய ஆங்கிலேய இரட்டைக்குழல் துப்பாக்கிகளுக்கு இப்போது யாரும் தோட்டா செய்வதில்லை. தென்னாப்பிரிக்காவின் லிம்போபோவில் பித்தளைத் தோட்டாக் கூடுகளுக்கு வெடிமருந்து நிரப்பித் தருபவர் ஃபானி. வேட்டைக்காரன் ஹென்ட்ரிக்கைக் காட்டெருமை முட்டிக் கொன்றபோது அவன் துப்பாக்கியின் இடது குழல் வெடிக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் அவன் மனைவி ரியானா அந்தத் தோட்டாவுடன் பட்டறைக்கு வந்தாள்.

"குடிச்சிட்டு தோட்டாவ ஆத்துல நனைச்சிட்டான்னு ஊரே சிரிக்குதுண்ணே. பிரிச்சுப் பாருங்க."

ஃபானி அவளுக்கு முதுகைக் காட்டியபடி பிரித்தார். கூட்டில் மருந்தே இல்லை. நிரப்ப மறந்திருக்கிறார். காது சுட, டப்பாவிலிருந்து மருந்தை அவசரமாகக் கொட்டினார். கூடு நிறையவில்லை. கீழேயும் சிந்தவில்லை. மேலும் கொட்டினார்.

"மருந்து எப்படிண்ணே இருக்கு?"

"நனைஞ்சுதாம்மா இருக்கு."

"காட்டுங்க."

டப்பா காலியாகியிருந்தது. கூட்டின் அடி வெறுமையாகத் தெரிந்தது.