ஊசி மாற்றிய பின்

பழைய இசைத்தட்டுக் கருவிக்குத் தோல்குன் புதிய ரப்பர் பெல்ட் வாங்கிப் போட்டபோது, பாட்டின் ஊடே தேநீர் ஊற்றும் ஒலி முதன்முதலாகக் கேட்டது. அது ஆலையில் அச்சான தட்டு. ஆனால், கெண்டியின் மூடியை ஒரு விரலால் அழுத்தியபடி பியாலாக் கிண்ணத்தில் சிறிதளவே ஊற்றி நிறுத்தும் அந்தக் கை, வசந்தத்தில் இறந்துபோன அவர் மனைவி மஸ்தூராவுடையது.

அவளை இன்னும் அருகில் கேட்க வேண்டும். அடுத்து எதை மாற்றலாம் என்று தாஷ்கந்துச் சந்தையில் உதிரிபாகக் கடை வைத்திருந்த சோதிக்கிடம் விசாரித்தார்.

"ரெக்கார்டுக்கு அடியில சுத்துற தட்டைக் கண்ணாடியில மாத்துறது வெட்டிச் செலவு அண்ணே. வயர் மாத்துனாலும் உங்க காதுக்கு ஒண்ணும் தெரியாது. காசு போடுறதுன்னா ஊசியில போடுங்க."

"பின்னால கேக்குற சின்னச் சத்தம்கூடத் தெளிவாக் கேக்குமா?"

"பாடுறவ மூச்சு விடுறதே கேக்கும். ஆனா அந்த விலைக்கு ரெண்டு ஆடு வாங்கலாம், யோசிச்சுக்குங்க!"

"ஆடு எனக்கு டீ ஊத்தித் தராதுடா."

சோதிக் விழுந்து விழுந்து சிரித்தான்.

வீட்டில் ஊசியைப் பொருத்தித் தட்டைச் சுழலவிட்டார். தேநீர் ஊற்றும் ஒலி தோளருகே கேட்டது. இம்முறை அது சட்டென நிற்கவில்லை. சீராக உயர்ந்து, விளிம்பைத் தொட்ட பின்பே அடங்கியது.

விருந்தாளி இன்னும் சற்று நேரம் இருக்கட்டும் என்று விரும்பினால் அவ்வூரில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள். முழுப் பியாலா ஊற்றினால், நீங்கள் இனிப் புறப்படலாம் என்று பொருள்.

தோல்குன் எழுந்து மேலங்கியை அணிந்தார். பிறகு, எங்கே போவதென்று தெரியாமல், தம் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.