அரையணா விஞ்ஞானம்

ஏழை ஜனங்களுக்கும் விஞ்ஞானம் எட்ட வேண்டுமென்று ஆலைத் துரை திருவொற்றியூரில் ஒரு காட்சிசாலை திறந்துவிட்டார். அங்கே எல்லாவற்றையும் தொட்டு, ஆட்டிப் பார்க்கலாம். அரையணா டிக்கெட் எடுத்த பவுனம்மாள் நேராக அடிபம்பிடம் போனாள்.

பம்பை அடித்தால் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விறுவிறுவென்று ஏறி, மதிலைத் தாண்டிப் போகும். மற்றவர்கள் பத்துத் தடவை அடிப்பதற்குள்ளேயே மூச்சு வாங்கினார்கள். பவுனம்மாள் வெற்றிலையை மென்றபடி இருநூறு தடவை அடித்தாள். கூட்டம் கைதட்டியது.

"தண்ணி எங்க சார் போவுது?"

"அதாம்மா சயன்ஸ்," என்றார் விளக்கம் சொல்லும் வாத்தியார். "உனக்கு எப்படிம்மா இவ்வளவு பழக்கம்?"

பவுனம்மாள் வெட்கப்பட்டுச் சிரித்து, இன்னும் நூறு அடித்தாள்.

மறுநாள் காலை, மதிலுக்குப் பின்னாலிருக்கும் துரையின் பங்களாவுக்கு வழக்கம்போல வேலைக்குப் போனாள். மூன்று வருடமாகப் பம்பு அடித்து அந்த வீட்டு மாடித் தொட்டியை நிரப்புகிறவள் அவள்தான். வாட்ச்மேன் மாரியப்பன் வாசலிலேயே மறித்தான்.

"தொட்டி ரொம்பி வழியுது பவுனு. காட்சி பாக்க வர்ற ஜனமே அடிச்சிக் குட்த்துடுது. இனிமே நீ வாணாம்னு தொரை சொல்லிட்டாரு."

"அப்ப நான் இன்னா பண்றது?"

"அடிச்சே ஆவணும்னா, டிக்கெட் எடுத்துகினு முன்வாசல் பக்கமா போ."