கெட்ட எண்ணம் இல்லாமல்

“கால் மேல கால் போடாதீங்க, அண்ணே. திமிர் பிடிச்சவருன்னு நினைச்சுக்குவாங்க.”

அமெரிக்காவில், சாக்ரமெண்டோ மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில், குழு அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் காலைக் கீழே இறக்கினார். ஜொனெலுக்குத் திருப்தி. குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள், அதுவும் சட்டம். யாருக்காவது பாடம் எடுக்காமல் அவளால் இருக்க முடியாது.

அவள் பாடுபடும் மசோதாவுக்காக இன்று சாட்சி சொல்லப்போகும் ஆர்லிஸ், செய்யாத குற்றத்துக்குப் பாதி ஆயுளைச் சிறையில் கழித்தவர். இதுவரை மெசேஜில் மட்டுமே பழக்கம்.

“நான் வந்து...” என்று ஆரம்பித்தார் அவர்.

“இப்படி இழுக்காதீங்க. பட்டுனு பேசணும். ஆனா கோபப்படக் கூடாது. நம்ம கறுப்பு மூஞ்சியில கோபத்தைப் பார்த்தா ஆடிப்போயிடுவாங்க.”

“நீ மட்டும் இவ்வளவு கோபமா இருக்கியேம்மா?”

“நான் படிச்சவ. கோபத்துக்குப் பட்டம் வாங்கி வச்சிருக்கேன்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நிலைமையைச் சுருக்கமாக விளக்கினாள். மசோதா தேற ஒரு ஓட்டுக் குறைகிறது. இடைத்தேர்தலில் ஜெயித்து, இன்றுதான் குழுவுக்குப் புதிதாக வரும் விட்கம்ப் என்பவர் பிடி கொடுக்கவில்லை. போலீஸோ வக்கீலோ ஜட்ஜோ வேண்டுமென்றே பாகுபாடு காட்டியதாக நிரூபிக்க வேண்டாம், நிறத்தைப் பார்த்துத் தண்டித்திருந்தாலே வழக்கைத் திரும்ப எடுக்கலாம் என்று அதில் ஒரு பிரிவு. மனதில் கெட்ட எண்ணமே இல்லாதவர் எப்படிப் பாகுபாடு காட்டுவார் என்று விட்கம்ப் கேட்கிறாராம்.

“பேரைக் கேட்டாலே தெரியலையா? தலைமுறை தலைமுறையா பாதாம் தோட்டம் வச்சிருக்கிற வெள்ளைக்காரக் கிழவனா இருப்பான். நம்ம வலி அவனுக்கு எங்க தெரியும்?”

“பாதாம் எனக்கு ஒத்துக்காது,” என்றார் அவர்.

“விளையாடாதீங்க, அண்ணே. என் தம்பி டெவினும் ஒரு வெள்ளைக்காரப் பையனும் ஒரே காரில, ஒரே திருட்டுல மாட்டினாங்க. அவனுக்கு நாலு வருஷம். டெவினுக்குப் பத்தொன்பது. இது சட்டமானாத்தான் அவன் வெளிய வர ஒரு வழி.” அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “நீங்க அழுதா கொஞ்சமா மட்டும் அழுங்க.”

அவர் எழுந்து, அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனார். வேலை முடிந்த நிம்மதியில் ஜொனெல் தண்ணீர் குடித்து, முகம் கழுவி, அறைக்குள் நுழைந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள்.

போன் அதிர்ந்தது. ஆர்லிஸின் மெசேஜ்: “தங்கச்சி, பஸ் இப்பத்தான் வந்துச்சு. எந்த மாடி?”

அவள் நிமிர்ந்தாள். மேடையில், ‘விட்கம்ப்’ என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்து, வெளியே பெஞ்சில் இருந்த அதே மனிதர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“கெட்ட எண்ணம் துளிகூட இல்லாதவங்களும் ஒரு மூஞ்சியைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதிடுவாங்கன்னு நான் நம்பாமத்தான் இருந்தேன்,” என்றார். “இப்பத்தான் வெளியே நேர்ல பார்த்துட்டு வரேன். என் ஓட்டு மசோதாவுக்கு.”