குலுக்கலில் விழுந்த ஜோடி

இன்னும் அறுபது வரிதான். அதற்குள் கரண்ட் போக வேண்டும், இல்லையென்றால் பூமி பிளக்க வேண்டும்.

இரண்டும் நடக்கிற மாதிரி தெரியவில்லை. அடுத்த மேசையில் அவன் மனைவி, அலுவலகத்தின் பழைய டூட்டி புரோகிராமை வரி வரியாகப் படித்துப் புது கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். அச்சடித்து ஒட்டினால் ஊரை இரண்டு சுற்று சுற்றும். ஓடுகிறதா, போதும் என்று இதுவரை யாரும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

காலையிலிருந்து அவன் எழுபது டம்ளர் தண்ணீர் குடித்திருந்தான். அறுபத்தொன்பது முறை எழுந்து போய்விட்டு வந்திருந்தான்.

"கட்டெறும்பு மேலயா உக்காந்திருக்கீங்க? நாற்காலி கதறுது" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எறும்பு இல்லை. ஒரு வரி.

எந்தச் சனிக்கிழமை யாரோடு யார் டூட்டி என்று குலுக்கிப் போடும் பகுதியின் கடைசியில், பத்தொன்பது வருஷத்துக்கு முன் அவன் திருட்டுத்தனமாகச் செருகிய வரி. ஊழியர் எண் 214 வந்தால் ஜோடி 388. குலுக்காதே.

214 அவன். 388 அவள்.

பதினோரு சனிக்கிழமை தொடர்ந்து ஒரே ஜோடி. பன்னிரண்டாவது வாரம் கல்யாணப் பத்திரிகை.

அன்றிலிருந்து யார் வீட்டு விருந்துக்குப் போனாலும் அவள் அதையேதான் சொல்வாள். "நாங்களா தேடிக்கல. நானூறு பேர்ல மிஷினே எங்க ரெண்டு பேரை எடுத்துச்சு!" கேட்கிறவர்களுக்குப் புல்லரிக்கும். அவன் இலையோடு இலையாகக் குனிந்து சாப்பிடுவான். மகளுக்குச் சோறு ஊட்டியதே இந்தக் கதையைச் சொல்லித்தான்.

இந்த வேலையை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று மேனேஜரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தான். நான்தான் செய்வேன் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள்.

கீபோர்டு சத்தம் நின்றது.

அவன் மூச்சும்.

ஒரு யுகம் கழித்து மறுபடி தட்டினாள். பிறகு எழுந்தாள். "குலுக்கல் முடிஞ்சுது. சரியா வந்திருக்கான்னு பாருங்க. டீ எடுத்துட்டு வரேன்."

அவன் பாய்ந்து போய் உட்கார்ந்தான். திரையில் இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. இடப்பக்கத்து அடியில் அவன் வரி பல்லை இளித்துக்கொண்டிருந்தது. வலப்பக்கம் அதைக் காணோம்.

பார்த்துவிட்டாள்.

திரையை மேலே நகர்த்தினான்.

பழையதில், குலுக்கல் தொடங்குகிற இடத்திலேயே இன்னொரு வரி. 388ஓ 214ஓ யார் வந்தாலும், ஒருவருக்கு ஒருவர்தான் ஜோடி. அத்தோடு வெளியே போ. கீழே உள்ள எதுவும் அந்த இருவருக்கும் ஓடவே ஓடாது.

பக்கத்தில், அலுவலக விதிப்படி, எழுதியவரின் பெயரும் தேதியும். திருட்டிலும் ஒழுங்கு தவறாதவள். பெயருக்கு முன்னால் அவள் அப்பாவின் இனிஷியல். அவன் தன் வரியைச் செருகிய நாளுக்கு இரண்டு நாள் முந்தைய தேதி.

வலப்பக்கம் அந்த வரி மட்டும் வந்திருந்தது. புது மொழியில், இன்றைய தேதியில், அவன் இனிஷியலோடு.

இரண்டு டீயோடு அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"ஒரு நாள்கூட ஓடாத வரியை எதுக்குங்க சுமக்கணும்?"