கசிவுக்குக் காரணம்

"முக்கால் கிலோ கேஸ் காத்தோட போயிருக்கு. ஒரே ஃப்ரீஸர், ஒரே ஓட்டை. ஆனா ரெண்டு பேரும் தனித்தனியா 'என் தப்பு'ன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. எப்படி?"

டெல்சின் இரண்டு படிவங்களையும் மேசை மேல் வைத்தாள்.

எதிரே கத்பர்ட், ஆஸ்வின். இருவரும் ஃப்ரீஸர் மெக்கானிக்குகள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கிரெனடாத் தீவில் ஓசோன் விவகாரத்தைக் கவனிக்கிற அரசு அலுவலகம் என்றால் டெல்சினும் அந்த ஒரு மேசையும்தான். ஃப்ரீஸரைக் குளிரவைக்க, ஓசோனைக் கெடுத்த பழைய கேஸுக்குப் பதிலாகப் புது கேஸ் வந்திருக்கிறது. அது எதில் எவ்வளவு அடைத்தது, எவ்வளவு கசிந்தது, ஏன் கசிந்தது, எல்லாவற்றையும் மெக்கானிக்குகள் எழுதித் தர வேண்டும்.

"ஜாயிண்ட்டை நான் சரியா பத்தவைக்கல, மிஸ்" என்றார் கத்பர்ட்.

"இவன் பத்தவைச்சது நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் வால்வை இறுக்காம விட்டுட்டேன்" என்றார் ஆஸ்வின்.

"யோவ், என் வேலையைப் பத்தி உனக்கு என்னய்யா தெரியும்?"

"நல்லா செஞ்சிருக்கேன்னுதானே சொன்னேன். அதுக்கும் கோவமா?"

டெல்சினுக்குச் சிரிப்பு வரவில்லை. இதே இருவர் போன வருஷம் ஒரு கசிவுக்கு ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டு ஆறு பக்கம் எழுதியவர்கள். கசிந்த அளவுக்கு ஈடாக அலுவலகம் புது கேஸ் தரும் என்பது அவள் நினைவுக்கு வந்தது.

"ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டு ரெண்டு பங்கு கேஸ் வாங்கப் பாக்கறீங்களா?"

"இவன்கூட சேர்ந்தா?" கத்பர்ட் நிஜமாகவே வருத்தப்பட்டார். "என்னைத் திட்டுங்க மிஸ். அசிங்கப்படுத்தாதீங்க."

"மெக்கானிக் தப்புன்னா ஆறு மாசம் கார்டு கிடையாது. பொய்க் கணக்குன்னா இனி எப்பவும் கிடையாது. கார்டு இல்லாம இந்தத் தீவுல ஒரு ஃப்ரீஸரைத் தொட முடியாது. தெரியும்ல?"

தெரியும் என்று இருவரும் தலையாட்டினார்கள். படிவத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள மட்டும் ஒருவரும் கை நீட்டவில்லை.

டெல்சின் அடுத்த பஸ்ஸில் குவாவ் மீன் சந்தைக்குப் போனாள்.

கசிந்த ஃப்ரீஸர் அங்கேதான் இருந்தது. பத்து மீன்காரப் பெண்களுக்கு அரசு கொடுத்த பொது ஃப்ரீஸர் அது. மூடியைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தாள். ஜாயிண்ட்டில் குறையில்லை. வால்விலும் இல்லை. பக்கவாட்டுக் குழாயில் ஒரு சின்ன ஒட்டு. அதைச் சுற்றி மெல்லிய கீறல்கள், கத்தி முனை இழுத்த மாதிரி.

"யாரைத் தேடறே மகளே?"

மீன் செதில் ஒட்டிய கைகளோடு யுடோரா நின்றிருந்தாள். அறுபது தாண்டியவள்.

"ஓசோன் ஆபீஸ்லேருந்து வர்றேன். ஃப்ரீஸர்ல ஐஸ் பிடிச்சா யாரும்மா எடுக்கறது?"

"நான்தான். மத்தவளுக எல்லாம் சோம்பேறிங்க. வாரம் தவறாம மீன் கத்தியால சுரண்டி எடுத்துருவேன். பெட்டி எவ்வளவு சுத்தம் பாரு." பெருமையாகச் சொன்னாள். "அன்னிக்கும் சுரண்டிக்கிட்டுத்தான் இருந்தேன். திடீர்னு பாம்பு மாதிரி சீறுச்சு. பயந்தே போய்ட்டேன்."

"மெக்கானிக் என்ன சொன்னாங்க?"

"காலையில ஆஸ்வின் வந்தான். பாத்துட்டு, 'என் தப்பு, நீங்க ஒண்ணும் பண்ணல'ன்னான். மத்தியானம் ஒட்டுப்போட கத்பர்ட் வந்தான். அவனும் அதையேதான் சொன்னான். நல்ல பசங்கம்மா. ஆளுக்கொரு தப்பு செஞ்சிருப்பாங்க போல. அதுக்காக கார்டைப் புடுங்கிராதீங்க."

பயன்படுத்துபவர் தவறால் கசிந்தால் அவருக்கு ஃப்ரீஸரில் இடம் கிடையாது. விதியின் ஏழாவது வரி. டைப் அடித்தவளே டெல்சின்தான். இடம் போனால் யுடோரா விற்காத மீனைச் சாயங்காலம் கடலில்தான் கொட்ட வேண்டும்.

"கத்தியால சுரண்டக் கூடாதும்மா. பக்கத்துலயே கேஸ் குழாய் ஓடுது. யாரும் உங்களுக்குச் சொல்லலையா?"

"யாரு சொன்னா? பயிற்சி குடுக்க ஆபீஸ்லேருந்து ஒரு பொண்ணு வருதுன்னாங்க. பத்துப் பேரும் வியாபாரத்தை விட்டுட்டுக் காத்துக்கிட்டு இருந்தோம். அதுக்குன்னு ரொட்டி பொரிச்சு, கருவாடு வதக்கி வச்சிருந்தேன். வரவே இல்ல."

வர வேண்டிய அந்தப் பெண் டெல்சின்தான். வருடாந்திர அறிக்கை அனுப்ப அன்றுதான் கடைசி நாள். 'குவாவ் சந்தையில் பத்துப் பேருக்கும் பயிற்சி தரப்பட்டது' என்று அந்த அறிக்கையிலேயே ஒரு வரி எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பியிருந்தாள். அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த அடுத்த வாரம் வரவில்லை.

"என்னம்மா முகம் வாடிப் போச்சு? சாப்பிடலையா?" யுடோரா கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணை நாங்க ஒண்ணும் சொல்லல. ஒடம்புக்கு முடியலையோ என்னமோ, பாவம்."

டெல்சின் அவள் கத்தியை வாங்கிக் கீழே வைத்தாள். பத்துப் பேரையும் ஃப்ரீஸர் பக்கம் கூப்பிட்டாள். மூடியைத் திறந்து வைத்து, வெந்நீர்க் கிண்ணத்தாலும் மரக்கரண்டியாலும் ஐஸை எடுப்பது எப்படி என்று அரை மணி நேரம் செய்து காட்டினாள்.

பிறகு மீன் பலகையின் ஓரமாக உட்கார்ந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்தாள்.

கசிந்த அளவு: முக்கால் கிலோ.

காரணம் என்ற கட்டத்தில் எழுதினாள்: 'தராத பயிற்சியைத் தந்ததாக எழுதிய அதிகாரி, டெல்சின் ஜோவாகிம்.'