ஏழாம் நாள் கடற்காகம்

கடற்காகங்கள் தொடர்ந்து ஏழு நாள் கடல் மீனை மட்டுமே தின்றால்தான் பாம்பனில் மீன்பிடிக்க அனுமதி. அவற்றின் கால் வளையம் தின்றதைச் சொல்லிவிடும். கரையிலுள்ள பலகையில் அது தெரியும். எழுபது நாளாகப் படகுகள் மணலில் கிடந்தன. பறவைகள் இட்லியைக் கொத்திவிடக் கூடாதென்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டது.

அன்று ஏழாம் நாள். ஒரு பறவை மட்டும் இன்னும் எதையும் தின்னவில்லை; பொழுது சாய்வதற்குள் அதுவும் மீன் தின்றால்தான் அந்த நாள் கணக்கில் சேரும். மேலே செம்பருந்து வட்டமிட்டதால் சேசடிமையின் வீட்டு வாசலில் கிடந்த படகிலேயே ஒடுங்கியிருந்தது.

“பொழுது சாயப்போவுது. சனியன் கடலுக்குப் போவ மாட்டேங்குதே!” என்றான் சேசடிமை.

“அது சும்மாதான் இருக்கு. நீங்கதான் நிலைகொள்ளாம பறக்குறீங்க. உக்காருங்க” என்று சொல்லிவிட்டு அவன் மனைவி ரோஸ்மலர் தேநீர் போட உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது பறவை எதையோ விழுங்கிக்கொண்டிருந்தது.

“என்னத்தப் போட்டீங்க?”

“மீனுதான். நம்ம கடல்ல புடிச்ச நெத்திலி.”

“பச்சை மீனு ஏதுங்க நம்மகிட்ட?”

அவன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். கையில் கருவாட்டு வாசனை.

பலகையில் எழுத்து மாறியது: ‘உப்பிட்ட நெத்திலி. வீட்டு உணவு.’ கீழே நாள் கணக்கைக் காட்டிய ஆறு பூஜ்ஜியமானது.

கரை நெடுகக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பறவை யார் படகில் நிற்கிறது என்று எல்லோரும் பார்த்தார்கள்.