பன்னிரண்டு கம்பெனி காதில் விழுந்த மன்னிப்பு

அரசு மருத்துவமனைக்குக் கட்டில் வாங்கும் டெண்டர் முடியும்வரை, அதிகாரி பூவராகன் வீட்டில் பேசுவதும் போட்டியிடும் பன்னிரண்டு கம்பெனிகளுக்கும் கேட்கும். ரகசியப் பேரம் நடக்கக் கூடாதென்று புதிய விதி அப்படி. சட்டையில் குத்திய மைக் வில்லை, மிக அருகில் பேசும் அவர் குரலை மட்டும் பிடித்து அனுப்பிக்கொண்டே இருந்தது; கம்பெனிக்காரர்கள் கேள்வி கேட்டாலும் அதிலேயே வரும்.

அதை மறந்துதான், பாடிக்கொண்டிருந்த மனைவி குந்தவியிடம், "போதும்மா, காது வலிக்குது" என்று சொல்லிவிட்டார். மூன்று நாளாக அவள் அவரோடு பேசவில்லை.

நான்காம் நாள் ஒரு துண்டுச்சீட்டில் 'மன்னிச்சுடு' என்று எழுதி நீட்டினார். குந்தவி அதைக் கிழித்துப் போட்டாள்.

"மானத்தை வாங்கினது ஊரறிய. மன்னிப்பு மட்டும் ரகசியமா? வாயால சொல்லுங்க."

பூவராகன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்புதான் குந்தவி. நீ நல்லாத்தான் பாடுறே."

உடனே வில்லையில் ஒரு கம்பெனிக்காரர் குரல் வந்தது. "சார், ஒரு விளக்கம் வேணும். அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. பாட்டை நாங்களும் கேக்கணும்."

ஒருவர் விளக்கம் கேட்டால் பன்னிரண்டு பேருக்கும் தந்தாக வேண்டும். பூவராகன் வில்லையைக் கழற்றி மனைவி முன்னால் பிடித்தார். குந்தவி புடவையைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து பாடத் தொடங்கினாள்.

விளக்கம் முடியும்வரை விதிப்படி அவர் எழுந்து போக முடியாது. கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் அன்றுதான் அவள் பாட்டு ஒன்றை முழுசாகக் கேட்டார். முடிந்ததும், யாரும் விளக்கம் கேட்காமலே, "இன்னொண்ணு பாடேன்" என்றார்.